‘ஹார்ட்’டும் ‘ஹார்ட்லி’யும்: சீன மாணவருக்குச் சொல்லப்படும் விளக்கம் பற்றி

ஒரே ஒரு ஆங்கில வினையடையால் மூன்று மாத சர்வர் வாடகை வீணாகப் போனது. தப்பு என்னுடையது. அதை யோசிக்க ஆரம்பித்துதான் இந்தக் குறிப்பு இவ்வளவு நீண்டது.

எங்கள் ப்ராஜெக்டில் பாதிப் பேர் சீனாவில், செங்டூ நகரில் இருக்கிறார்கள். அங்கே டெஸ்டிங் பார்க்கும் ஒரு பெண் தன் வருடாந்திர மதிப்பீட்டில் ‘ஐ வொர்க்டு ஹார்ட்லி’ என்று எழுதியிருந்தார். ‘கடுமையாக உழைத்தேன்’ என்று சொல்ல வந்தவர், ‘நான் வேலையே பார்க்கலைன்னு வச்சுக்கோங்க’ என்ற பொருளில் எழுதிவிட்டார். மேலே போவதற்கு முன் என் கண்ணில் பட்டதால் திருத்தச் சொன்னேன். ஏன் தப்பு என்று கேட்டார். எட்டு வருஷமாக மாண்டரின் படிக்கிறவன் என்கிற தெம்பில், இருமொழி அகராதியில் உள்ளதை அப்படியே ஒப்பித்தேன்: “ஹார்ட்லின்னா ‘ஜீஹூ பூ’. ஹார்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. மனப்பாடம் பண்ணிக்கோங்க.” சீனத்தில் ‘ஜீஹூ’ என்றால் ‘ஏறக்குறைய’. ‘பூ’ என்பது எதிர்மறை. இரண்டும் சேர்ந்தால் ‘ஏறக்குறைய இல்லை’.

சில மாதம் கழித்து அவர் எழுதிய ஹேண்டோவர் குறிப்பில் ஒரு டெஸ்ட் சர்வரைப் பற்றி ‘ஹார்ட்லி நாட் யூஸ்டு’ என்று இருந்தது. நான் என்ன நினைத்தேன் என்றால், ‘பயன்படாமல் இருக்கும் நேரம் ரொம்பக் கம்மி’, அதாவது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுப்பிக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். அவர் சொல்ல வந்தது ‘யாரும் அதைத் தொடுவதே இல்லை, எடுத்துவிடலாம்’.

அவர் செய்தது முட்டாள்தனம் இல்லை. நான் சொன்ன சமன்பாட்டைத்தான் ஒழுங்காகப் பயன்படுத்தினார். ‘ஜீஹூ’ இடத்தில் ஹார்ட்லி, ‘பூ’ இடத்தில் நாட். இரண்டு சீனச் சொல்லுக்கு இரண்டு ஆங்கிலச் சொல். ஹார்ட்லியின் வயிற்றுக்குள்ளேயே ஒரு ‘இல்லை’ இருக்கிறது என்பதை நான் சொல்லவே இல்லை.

அதன் பிறகு இந்தச் சொல்லைச் சீனர்களுக்கு எப்படியெல்லாம் விளக்குகிறார்கள் என்று தேர்வுக் கையேடுகள், இலக்கணப் புத்தகங்கள் என்று கிடைத்ததையெல்லாம் புரட்டினேன். விளக்கங்கள் பெரும்பாலும் இரண்டே வகை. இரண்டும் தவறான இடத்தில் கை வைக்கின்றன என்பது என் கட்சி.

முதல் வகை, ‘லி’ என்றால் ‘தெ’ என்பது. சீனத்தில் ‘தெ’ என்று ஒலிக்கும் மூன்று எழுத்துகள் உண்டு. ஒன்று பெயரடைக்குப் பின்னால் வருவது, ஒன்று வினையடைக்குப் பின்னால் வருவது, மற்றொன்று வினைக்குப் பின்னால் வந்து அது எப்படி நடந்தது என்று சொல்லப் பயன்படுவது. பேச்சில் மூன்றும் ஒன்றேதான். எழுத்தில் மட்டும் வேறு வேறு. (இணையத்தில் எழுதும் சீனர்கள் பாதிப் பேர் இதைக் கண்டுகொள்வதில்லை. நம்ம ஊரில் ஒற்று விடுவது மாதிரி.) இந்த இரண்டாவது எழுத்தைக் காட்டி, ‘பெயரடை + தெ = வினையடை, அதேபோல் பெயரடை + லி = வினையடை’ என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். குவிக் – குவிக்லி, ஸ்லோ – ஸ்லோலி. நன்றாகத்தான் ஓடுகிறது, ஹார்ட் வரும் வரை.

இதில் எனக்குப் பெரிய வருத்தம் என்னவென்றால், அந்த விதி இல்லாமலிருந்தால் சீன மாணவர் சரியாகவே எழுதியிருப்பார். ‘கடுமையாகப் படி’ என்பதற்குச் சீனத்தில் ‘நூலீ ஷுவேஷீ’. ‘நூலீ’ என்றால் முயற்சி, உழைப்பு. ‘ஷுவேஷீ’ படித்தல். நடுவில் ‘தெ’ கிடையாது. போட்டாலும் தப்பில்லை, ஆனால் போடாமல் சொல்வதுதான் இயல்பு. ஆங்கிலத்திலும் ‘ஸ்டடி ஹார்ட்’. அங்கேயும் லி கிடையாது. இரண்டு மொழியும் தற்செயலாக ஒரே மாதிரி ஒட்டில்லாமல் நிற்கும் இடத்தில், விதியைச் சொல்லிக் கொடுத்து லியை ஒட்ட வைக்கிறோம். வேலை செய்துகொண்டிருந்த கோடை ‘சுத்தம் செய்கிறேன்’ என்று கெடுத்து வைப்பது போலத்தான்.

ஆங்கிலத்தில் ஏன் ஒட்டில்லை? பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு ஒரு ‘எ’ ஓசையைச் சேர்த்தால் வினையடை. ‘ஹேர்ட்’ பெயரடை, ‘ஹேர்டெ’ வினையடை. காலப்போக்கில் சொல்லின் கடைசியில் இருந்த ‘எ’ தேய்ந்து விழுந்தது. பெயரடையும் வினையடையும் ஒரே உருவமாகிவிட்டன. ஃபாஸ்ட் இன்றைக்கும் இரண்டு வேலையும் பார்ப்பது இதனால்தான். லியின் வரலாறு வேறு. அது ‘உடல், வடிவம்’ என்று பொருள்படும் ‘லீச்’ என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்த விகுதி. ‘எ’ விழுந்த பிறகு வினையடையைக் காட்ட வேறு அடையாளம் தேவைப்பட்டது. லி அந்த இடத்தை மெல்ல மெல்லப் பிடித்தது. பிடிக்காமல் விட்ட சில வீடுகளில் ஹார்ட் ஒன்று.

சீன ‘தெ’க்கும் கதை உண்டு, அது இன்னும் சுவாரசியம். தாங், சோங் காலத்துப் பேச்சுவழக்கு நூல்களிலேயே இந்த எழுத்து வேறுபாடு இருந்திருக்கிறது. பிறகு ஒரே எழுத்தில் கலந்துபோனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேச்சுமொழியில் எழுதும் இயக்கம் வந்தபோது, ஐரோப்பிய மொழி இலக்கணங்களையும் ஒரு கண்ணால் பார்த்தபடி, மறுபடி பிரித்தார்கள். லூ ஷூஷியாங் என்ற பெரிய இலக்கண அறிஞர் இந்த வேறுபாட்டின் பழைய வரலாற்றைப் பற்றி 1943-லேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆக, ‘லி போலத்தான் தெ’ என்று இன்று வகுப்பில் சொல்லும்போது அந்தப் பொருத்தம் முழுக்க இயற்கையானதல்ல. பாதி ஆங்கிலம் போன்ற மொழிகளைப் பார்த்துச் சீர்செய்த எழுத்து. சீர்செய்ததை எடுத்து மூலத்தை விளக்கினால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்துவது போலத்தான் தெரியும்.

இரண்டாம் வகை நான் செய்தது. ‘ஹார்ட்லி என்பது ஹார்டின் வினையடை இல்லை, அதற்கு அர்த்தம் ஜீஹூ பூ’ என்று பெட்டி கட்டிப் போட்டுவிடுவது. லேட் – லேட்லி, நியர் – நியர்லி, ஹை – ஹைலி என்று கூடவே நாலு ஜோடியை அடுக்கி, ‘கவனம்!’ என்று ஆச்சரியக்குறி. முதல் வகைத் தவறை இது தடுக்கும். ஆனால் அடுத்த தவறைத் தானே உற்பத்தி செய்யும், என் சர்வர் கதை மாதிரி.

‘ஏறக்குறைய’ + ‘இல்லை’ என்ற சேர்க்கை சீனத்தில் சாதாரண விஷயம் இல்லை, பழைய கண்ணிவெடி. ஜூ தெஷி என்ற இலக்கண அறிஞர் 1959-ல் ‘ச்சா யீதியென்’ என்ற தொடரைப் பற்றி எழுதினார். ‘இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால்’ என்று பொருள். ‘ச்சா யீதியென் விழுந்தேன்’ என்றாலும், ‘ச்சா யீதியென் விழவில்லை’ என்றாலும், இரண்டுக்கும் சீனத்தில் ஒரே அர்த்தம்: விழ இருந்தேன், விழவில்லை. ஏனென்றால் விழுவது யாரும் விரும்பாத காரியம். ஆனால் டிக்கெட் வாங்குவது போல விரும்பும் காரியமாக இருந்தால், ‘இல்லை’ போடுவதும் போடாததும் நேர் எதிர் அர்த்தம். ‘ச்சா யீதியென் டிக்கெட் கிடைத்தது’ என்றால் கிடைக்கவில்லை. ‘ச்சா யீதியென் கிடைக்கவில்லை’ என்றால் எப்படியோ கிடைத்துவிட்டது. ஆக, அந்த ‘இல்லை’ கணக்குப் பார்க்கிற ‘இல்லை’ அல்ல. பேசுகிறவரின் விருப்பத்தைப் பார்த்துத் தன் வேலையை மாற்றிக்கொள்ளும். ‘ஜீஹூ’வுக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

இப்படி ஒரு தாய்மொழிப் பின்னணி உள்ளவரிடம் போய், ‘ஹார்ட்லி என்றால் ஏறக்குறைய-இல்லை’ என்று சொன்னால் என்ன ஆகும்? ‘இல்லை’யைத் தனியாக ஒருமுறை எழுதினாலும் எழுதாவிட்டாலும் பொருள் கெடாது என்று அவருக்குத் தோன்றினால் அதில் ஆச்சரியமே இல்லை. அவர் மொழியில் அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. சமன்பாடு தப்பில்லை, வலப்பக்கத்தில் போட்ட மாறிதான் நிலையில்லாதது.

சரி, ஹார்ட்லிக்கும் ஹார்டுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் இல்லையா? இந்தக் கேள்விக்கு நான் பதில் கண்டுபிடித்தது அகராதியில் இல்லை, பைபிளில். பக்தியால் இல்லை, ஒரே வாக்கியத்தைப் பல மொழியில், பல நூற்றாண்டில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட வசதியான புத்தகம் கிடையாது.

1611-ல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கிலப் பதிப்பில், ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தில் சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரைக் கொடுமைப்படுத்தும் இடம். அங்கே கொடுமையாக நடத்தினாள் என்பதற்குப் போட்டிருக்கும் வினையடை ஹார்ட்லி. ‘கடுமையாக’ என்றுதான் பொருள். நம்ம பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் ‘கடினமாய்’. அச்சு அசலாக ஹார்ட் + லி. அப்படியென்றால் 1611-ல் ஹார்ட்லி ஹார்டின் நேர் வினையடையாக வாழ்ந்துகொண்டிருந்தது.

அதே புத்தகத்தில் மாற்கு 10ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். பணக்காரர் கடவுளின் ராஜ்யத்தில் நுழைவது பற்றி இயேசு பேசும் இடம். 23ஆம் வசனத்தில் ஹார்ட்லி. அடுத்த 24ஆம் வசனத்தில் ஹார்ட். அடுத்தடுத்த வசனத்தில், ஒரே விஷயத்துக்கு, வினையடையும் பெயரடையும். கிரேக்க மூலத்திலும் அப்படியேதான்: முதலில் ‘டுஸ்கோலோஸ்’ என்ற வினையடை, அடுத்து ‘டுஸ்கோலொன்’ என்ற பெயரடை. இரண்டுக்கும் ‘கஷ்டம்’ என்றே பொருள். மொழிபெயர்த்தவர்கள் கிரேக்கத்தின் ஜோடியை ஆங்கில ஜோடியால் அழகாகப் பிடித்திருக்கிறார்கள். இங்கே ஹார்ட்லி என்றால் ‘கஷ்டப்பட்டு, சிரமத்தோடு’. பணக்காரன் நுழைவான், ஆனால் சிரமப்பட்டு.

இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அதைப் படித்தால் ‘பணக்காரன் நுழையவே மாட்டான் என்று சொல்லலாம்’ என்பது போல ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ரொம்பக் குறைவு என்பதைக் கவனியுங்கள். சிரமப்பட்டு நடக்கும் காரியம் குறைவாகத்தான் நடக்கும். குறைவாக நடப்பது, நடக்காதது மாதிரி. இந்த வழுக்கலில்தான் சொல் கீழே இறங்கியிருக்கிறது. 1881-ல் வந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பு மாற்கில் ஹார்ட்லியை அப்படியே விட்டது. 1946-ல் அமெரிக்காவில் வந்த திருத்திய புதிய ஏற்பாடு அந்த இடத்தில் வினையடையைத் தூக்கிவிட்டுப் பெயரடை ஹார்டைப் போட்டது. அதற்குமேல் ஹார்ட்லியை விட்டு வைத்தால் இயேசு சொல்லாததைச் சொன்னதாக ஆகிவிடும் என்ற நிலை.

இப்போது சீனத்துக்கு வருவோம். பரவலாகப் புழங்கும் சீன பைபிள் 1919-ல் முடிந்த ஒன்றிணைந்த பதிப்பு. மாற்கின் அந்த இரண்டு வசனத்திலும் வினையடை, பெயரடை என்ற வேறுபாடே இல்லாமல் ஒரே எழுத்து: ‘நான்’. (ஏறுகிற தொனியில் சொல்ல வேண்டும். நம்ம ‘நான்’ இல்லை. குழப்பத்துக்கு மன்னிக்கணும், தமிழில் எழுதினால் இப்படித்தான் வந்து நிற்கிறது.) ‘கஷ்டம், கடினம்’ என்று பொருள். அங்கே யாரும் ‘ஜீஹூ பூ’ போடவில்லை.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஆங்கிலத்தின் ஹார்ட் ஒரு சொல். சீனத்தில் அது மூன்றாக உடையும். கல் கடினம் என்றால் ‘யிங்’. பரீட்சை கடினம் என்றால் ‘நான்’. கடினமாக உழைத்தல் என்றால் ‘நூலீ’. ஹார்ட்லியின் தாய் இந்த மூன்றில் யார்? மாணவர் ‘நூலீ’ என்று நினைக்கிறார். அகராதி ‘மூன்றும் இல்லை, இது அநாதை’ என்கிறது. இரண்டும் தப்பு. தாய் ‘நான்’.

‘நான்’ என்று வைத்துக்கொண்டு பார்த்தால், ஆங்கிலத்தில் நடந்த அதே பொருள் வழுக்கல் சீனத்திலும் நடந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். ‘நான்-தெ’ என்று ஒரு சொல். ‘நான்’ கஷ்டம், ‘தெ’ பெறுதல். (இந்த ‘தெ’ வேறு எழுத்து வேலை பார்க்கிறது, மேலே சொன்ன ஒட்டு இல்லை.) பெறுவதற்குக் கஷ்டமானது என்பது சொல்லுக்குச் சொல் அர்த்தம். இன்றைய அர்த்தமோ ‘அபூர்வம்’. ‘அவர் நான்-தெ வருவார்’ என்றால் அவர் வருவதே அபூர்வம், ஆங்கிலத்தில் ‘ஹார்ட்லி எவர்’ என்போமே, அது. கஷ்டம் அபூர்வமாக மாறிய அதே பயணம். அதிலும் இது வினையடையாகவும் நிற்கும், பெயரடையாகவும் நிற்கும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைத்தால் ‘நான்-தெ வாய்ப்பு’, தமிழில் ‘அரிய வாய்ப்பு’.

தமிழில் என்று சொன்னதும் நிறுத்தத்தான் வேண்டும். அரிது என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘செயற்கரிய’ என்றால் செய்வதற்குக் கடினமான. ‘அரிதாக வருவான்’ என்றால் எப்போதாவது வருவான். ஒரே சொல்லில் கடினமும் அபூர்வமும். ‘பெறற்கரிய’ என்பது எழுத்துக்கு எழுத்து சீன ‘நான்-தெ’. தமிழ் பைபிளில் பணக்காரர் பற்றிய அந்த வசனத்துக்குப் போட்டிருக்கும் சொல்லும் அரிதுதான். 1611 ஆங்கிலம், 1919 சீனம், தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் ஒரே படிக்கட்டில் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று கடன் வாங்கியதாலல்ல. கஷ்டமானது அடிக்கடி நடக்காது என்பது எந்த ஊரிலும் உண்மை என்பதால். தமிழ் பேசுகிற எனக்கு ஹார்ட்லியை ‘அரிது’ வழியாகப் பிடித்திருந்தால் ஐந்து நிமிஷம் போதும். நானும் ‘மனப்பாடம் பண்ணு’ என்று சொல்லப்பட்டுத்தான் கற்றேன், அதையேதான் செங்டூவுக்கும் அனுப்பினேன்.

‘நான்’ குடும்பம் இத்தோடு முடியவில்லை. ஹார்ட்லிக்கு இன்னொரு பயன்பாடு உண்டு, ‘யூ கேன் ஹார்ட்லி பிளேம் ஹிம்’ என்பது போல. அவனைக் குறை சொல்ல முடியுமா என்ன, என்ற தொனி. அளவைச் சொல்வதல்ல, நியாயத்தைச் சொல்வது. இந்த இடத்தில் ‘ஜீஹூ பூ’ அடியோடு விழுந்துவிடும். ‘ஏறக்குறைய உன்னால் குறை சொல்ல முடியாது’ என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் சீனத்தில் ‘நான்-குவாய்’ என்று ஒரு சொல் தயாராக உட்கார்ந்திருக்கிறது. ‘குவாய்’ என்றால் குறை சொல்லுதல், விநோதமாக நினைத்தல். குறை சொல்லக் கடினம் என்பது, ‘அவரைக் குறை சொல்வதற்கில்லை’ என்றும் ‘அதானே பார்த்தேன்’ என்றும் ஆகிவிட்டது. அதேபோல ‘ஹார்ட்லி எ சக்சஸ்’ என்பதற்கு ‘ஹன் நான் ஷுவோ’, வெற்றி என்று சொல்ல மிகக் கடினம். முடியாது என்று முகத்தில் அடிக்காமல், கடினம் என்று சொல்லி முடியாததை உணர்த்துவது. ஹார்ட்லியின் இந்தப் பயன்பாட்டில் உள்ள மரியாதையான நக்கல் அப்படியே அதில் கிடைக்கிறது.

இந்த வழியில் போனால் ‘இல்லை’ சிக்கலும் பாதி தீரும் என்று நினைக்கிறேன். ‘நான்’ என்ற எழுத்தில் எதிர்மறைத் துகள் எதுவும் வெளியே தெரிவதில்லை. ஆனால் எதிர்மறை உள்ளே இருக்கிறது. ‘நம்பக் கடினம்’ என்று சொல்கிறவர் ‘நம்பாமல் இருக்கக் கடினம்’ என்று தெரியாத்தனமாகச் சொல்லமாட்டார். ஹார்ட்லியும் அப்படித்தான்: வெளியே ‘நாட்’ இல்லை, உள்ளே இருக்கிறது. அதனால்தான் ‘ஹி ஹார்ட்லி ஸ்பீக்ஸ்’ என்பதற்குப் பின்னால் வரும் குட்டிக் கேள்வி ‘டஸ் ஹி?’ என்று நேர்மறையில் வருகிறது. ‘ஹார்ட்லி’யோடு ‘சம்’ வராமல் ‘எனி’ வருவதும் அதனால்தான்.

இந்த இடத்தில் நான் மேலே சொன்ன லூ ஷூஷியாங்கோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சீனர் ஆங்கிலம் கற்பதைப் பற்றி 1947-ல் அவர் ஒரு புத்தகம் போட்டார். சீன மாணவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்துவதுதான் என்பது அதன் அடிப்படை. ஆங்கிலத்தைச் சீனமாக நினைத்துப் படிக்காதே என்பது. பெரிய மனிதர்; சொன்னதில் பெரும்பகுதி சரி. காலம், ஒருமை பன்மை, ‘எ’யும் ‘தி’யும் எல்லாம் வேறுபாட்டைச் சொல்லித்தான் தீர வேண்டும். ஆனால் அந்தக் கொள்கை வகுப்பறைக்கு இறங்கி வந்தபோது வேறுபாட்டைப் பட்டியல் போடுவதாக மட்டும் சுருங்கிவிட்டது. ‘ஹார்ட்லி ஹார்டின் வினையடை அல்ல’ என்ற பெட்டிச் செய்தி அந்தச் சுருங்கலின் பிள்ளை. ‘ஸ்டடி ஹார்ட்’டில் ஒற்றுமை இருக்கிறது, அதை விதி போட்டுக் கெடுக்கிறோம். ‘நான்-தெ’யில் ஒற்றுமை இருக்கிறது, அதைச் சொல்லாமல் மறைக்கிறோம். ஒற்றுமையே இல்லாத ‘லி = தெ’யில் மட்டும் ஒற்றுமையைத் தேடிப் பிடித்துச் சொல்கிறோம்.

என் வழிக்கும் எல்லை உண்டு. ‘வீட்டில் அரிசி ஹார்ட்லி எனி’ என்ற அளவுப் பயன்பாட்டுக்கு ‘நான்’ உதவாது. அங்கே ‘ஏறக்குறைய இல்லை’ என்ற அகராதி விளக்கமே சரி. ‘ஹார்ட்லி ஹேட் ஹி... வென்’ என்று தலைகீழாக வரும் வாக்கியத்துக்குச் சீனத்தில் ‘காங்... ஜியூ’ என்று தனி அமைப்பு இருக்கிறது, அதைத்தான் காட்ட வேண்டும். மற்ற ஜோடிகளுக்கும் இதே சாவி பொருந்தாது. லேட்லி, நியர்லி ஒவ்வொன்றும் தன் பாதையில் நடந்து போனவை.

போன மாதம் இதையெல்லாம் சுருக்கி, எங்கள் டீம் பொதுவில் வைத்திருக்கும் சொற்பட்டியலில் ‘ஜீஹூ பூ’வை அழித்துவிட்டு ‘நான்-தெ’ என்று போட்டேன். பெருமையாக அந்தப் பெண்ணுக்கும் செய்தி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. “நீங்க சொன்ன ‘நான்’ விஷயம் எனக்கு இதுவரை தோணினதே இல்லை, ரொம்ப சந்தோஷம். ஆனா ‘நான்-தெ’ நல்ல விஷயத்துக்குத்தான் சொல்லுவோம். ஃப்ரெண்ட் வீட்டுக்கு வந்தா நான்-தெ. லீவு கிடைச்சா நான்-தெ. யாரும் தொடாத சர்வருக்கு நான்-தென்னு சொன்னா எங்க ஊர்ல சிரிப்பாங்க.”

அரியதும் அருமையும் தமிழிலும் பக்கத்துப் பக்கத்து வீடுதானே, இதை நானே யோசித்திருக்க வேண்டும். பட்டியலில் ‘நான்-தெ’க்குப் பக்கத்தில் அவருடைய வரியை அப்படியே ஒட்டிவிட்டு, ‘ஜீஹூ பூ’வையும் அளவுக்கு மட்டும் என்ற குறிப்போடு திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். சர்வரை அன்றைக்கே அணைத்தாயிற்று.